மீனில்லாத ஏரி

அந்த ஏரியில் ஒரு மீன்கூடக் கிடையாது என்று விடுதி மேனேஜர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு மீன் இல்லையா, நீங்களெல்லாம் என்ன மனிதர்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். அவரும் சிரித்தார். அதற்குத்தானே உன்னை வேலைக்கு எடுத்திருக்கிறோம் என்றார்.

நான் முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரன். காவிரித் தண்ணீர் ஊர் ஊராகப் பாய்ந்து, மிச்சம் மீதி இருந்தால் கடைசியில் வந்து சேருகிற கடைமடைக் கிராமம். எங்கள் ஊரில் தண்ணீருக்கு ஆயுள் ஒரு வருஷம். ஆடியில் வாய்க்காலில் வரும், ஐப்பசி கார்த்திகையில் வானத்திலிருந்து கொட்டும், தையில் தெளியும், சித்திரையில் மாதா கோவில் குளம் வெடித்துக் கிடக்கும். வற்றுவதற்கு முன்னால் ஊரே இறங்கி மீனைப் பிடித்துத் தீர்க்கும். அடுத்த மழைக்குப் புதுக்குஞ்சு வாங்கி விடுவோம். போன வருஷம் விட்ட மீன் சரியில்லை என்றால் இந்த வருஷம் வேறு மீன். குளத்தில் யாராவது கண்டதைக் கொட்டினாலும் கோடை காயவைத்துவிடும், மழை கழுவிவிடும். என்ன தப்புச் செய்தாலும் அடுத்த வருஷம் முதலிலிருந்து தொடங்கலாம் என்ற நினைப்பு எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

ஆழமும் எங்களுக்குத் தெரியாது. அலையாத்திக் காட்டுக்கு அந்தப் பக்கம் லகூன் என்று நாங்கள் சொல்கிற கடற்கழியில் இறங்கினால் இடுப்பளவு தண்ணீரில் அரைநாள் நடக்கலாம். தண்ணீர் என்றால் காலுக்குக் கீழே சேறு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாத தண்ணீரை நான் கிணற்றில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டுச் சும்மா திரிந்துகொண்டிருந்தபோது இறால் பண்ணை வந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று எங்கள் வயலை ஒட்டியிருந்த நிலங்களையெல்லாம் வளைத்துக் குளம் வெட்டியது. பட்டதாரி என்று எனக்கு அங்கே வேலை கொடுத்தார்கள். உப்பாற்றிலிருந்து மோட்டார் போட்டு உப்புத்தண்ணீர் ஏற்ற வேண்டும், பையில் வருகிற இறால் குஞ்சுகளைப் பழக்கிக் குளத்தில் விட வேண்டும். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அது நான்தான். அப்பாவின் வயலுக்கும் நான் நிரப்பிய குளத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான் இருந்தது.

இரண்டாம் வருஷம் நாற்றின் நுனி கருகத் தொடங்கியது. அப்பா ஒருநாள் மத்தியானம் பண்ணை கேட்டுக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நான் கம்பெனி சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"தம்பி, மோட்டார ரெண்டு நாளைக்கி நிறுத்தச் சொல்லுப்பா. வயல்ல உப்பு கசியுது."

"ரெண்டு மழ பேஞ்சா கழுவிட்டுப் போயிடும்ப்பா" என்றேன். சூப்பர்வைசர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்றுதான் நினைத்தேன். நம்பாவிட்டால் போகட்டும் என்றும் நினைத்தேன்.

இரண்டு மழை அல்ல, இருபது மழை பெய்தது. வயல் வெளுத்ததுதான் மிச்சம். அதற்குள் இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் குளமாகச் செத்தது. கம்பெனி ஒரே வாரத்தில் மோட்டாரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. உப்பை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். கூப்பிட்டுக் கேட்க ஆள் இல்லை, கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை. கேட்டிலிருந்த பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், பாவிகள்.

எங்கள் தெருவில் பாதிப்பேர் அப்போதுதான் சிங்கப்பூர், வளைகுடா என்று கிளம்பினார்கள். அக்காவின் கணவர் துபாய் போனார். என்னோடு படித்த ஒருவன் வடக்கே சுற்றுலாக் கம்பெனியில் இருந்தான். மலையில் ஒரு ஏரிக்கரையில் புதிதாக விடுதி கட்டுகிறார்கள், மீன் வளர்க்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று எழுதினான். நான் ரயில் ஏறிவிட்டேன்.

ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே வண்டி பிடித்துப் போய் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வீர்கள். கிழக்கு இமயமலையில் இருக்கிறது, அவ்வளவு போதும். கடைசி பஸ் நிற்கிற ஊரிலிருந்து ஜீப்பில் அரைநாள், பிறகு மூன்று மணி நேர நடை. எப்போதோ ஒரு மலைச்சரிவு இடிந்து விழுந்து பள்ளத்தாக்கை அடைத்திருக்கிறது. அந்த அடைப்புக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர்தான் ஏரி. மூன்று பக்கமும் கருவாலி மரங்களும் சிவப்புப் பூப் பூக்கிற மரங்களும் தண்ணீர் விளிம்பு வரை இறங்கி நிற்கும். நான்காவது பக்கம் உபரித்தண்ணீர் பாறையைத் தாண்டி இரண்டு பனைமர உயரத்துக்கு அருவியாக விழும். ஏரியில் மீன் இல்லாததற்குக் காரணம் அந்த அருவிதான். கீழே ஆற்றில் இருக்கிற எந்த மீனும் அதில் ஏறி வர முடியாது.

கரையில் முதல் அடி வைத்தால் முழங்கால், இரண்டாவது அடி இடுப்பு, மூன்றாவது அடிக்கு ஒன்றுமே இல்லை. நான் நைலான் கயிற்றில் கல்லைக் கட்டி, படகில் போய் நடுவில் இறக்கிப் பார்த்தேன். எங்கள் கடற்கரையில் ஆழத்தைப் பாகம் கணக்கில்தான் சொல்வார்கள். இரண்டு கையையும் நீட்டி விரித்தால் ஒரு பாகம். முப்பத்தெட்டு பாகம் போய்க் கல் உட்கார்ந்தது. கயிற்றை இழுக்க இழுக்க விரல் மரத்துப்போனது, மேலே வெயிலில் வெதுவெதுப்பாக இருந்த அதே தண்ணீர் கீழே அப்படிக் குளிர்ந்து கிடந்தது. கல்லைப் படகுக்குள் போட்டதும் வேகவேகமாகக் கரைக்குத் துடுப்புப் போட்டேன். பயந்தவன் அப்படியே பயந்துகொண்டு இருந்திருக்கலாம்.

ஒரு வருஷம் வேலை எதுவும் தொடங்கவில்லை, விடுதி இன்னும் கட்டி முடியவில்லை. அந்த ஒரு வருஷம் நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பனிக்காலத்தில் ஓரங்களில் மெல்லிய பனித்தகடு படியும். காலையில் கேளையாடு என்கிற சின்ன மான் வந்து அதைக் குளம்பால் உடைத்துத் தண்ணீர் குடிக்கும். பங்குனியில் வாத்துகள் இறங்கின. முதல் கூட்டத்தைப் பார்த்ததும் நான் கூச்சலே போட்டேன். ஊசிவால் வாத்துகள். எங்கள் லகூனில் கார்த்திகையிலிருந்து மாசி வரை மேய்கிற அதே வாத்துகள், வடக்கே திரும்பிப் போகிற வழியில் இரண்டு நாள் தங்கின. நான் ரயிலில் மூன்று நாள் உட்கார்ந்து வந்த தூரத்தை அவை பறந்தே வந்திருந்தன. ஊர்க்காரர்களைப் பார்த்த மாதிரி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விடுதியில் சமைத்த பெண்மணி அந்த மலையைச் சேர்ந்தவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். எல்லோரும் அவரைத் தீதி என்பார்கள், அவர்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதல் மழை விழுந்த அன்று அவர் குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகாமல் எதிர்ப்பக்கச் சுனைக்கு நடந்தார். ஏன் என்று கேட்டேன். வா என்று என்னைக் கரைக்குக் கூட்டிப்போய் ஓரத்துப் பாசிச்செடிகளை விலக்கிக் காட்டினார்.

பல்லி மாதிரி ஒன்று, ஒரு சாண் நீளம், கரும்பழுப்பு நிறம், விலாவில் இரண்டு பக்கமும் வரிசையாக மரு. தண்ணீருக்குள் செடித்தண்டைப் பின்காலால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. சாலமாண்டர். தவளைக்குச் சொந்தம். வருஷம் முழுக்கக் காட்டில் சருகுக்கும் கல்லுக்கும் அடியில் கிடந்துவிட்டு, மழைக்கு மட்டும் இறங்கி வந்து இந்த ஓரத்தில் முட்டையிடும். குஞ்சுக்குக் கழுத்தில் இறகு மாதிரி செவுள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கால் போனால் திரும்ப முளைக்கும். இதெல்லாம் எனக்குத் தீதி சொல்லவில்லை. காலேஜில் படம் வரைந்து, பெயர் குறித்து, பத்துக்கு எட்டு மார்க் வாங்கியவன் நான். மழை முடிகிற வரை இந்த ஓரத்தில் நாங்கள் குடம் முக்க மாட்டோம், பாத்திரம் கழுவ மாட்டோம் என்றார் தீதி. அவ்வளவுதான் அவர் சொன்னது. படிக்காத பெண்மணி செய்த காரியத்தையும் படித்த நான் செய்த காரியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அடுத்த வருஷம் விடுதி திறந்தது. விளம்பரத் தாளில் ஏரிக்குப் பக்கத்தில் தூண்டில் படம் போட்டாயிற்று, இனி மீன் வேண்டும் என்றார் மேனேஜர். சமவெளியில் இருந்த ஒரு பண்ணைக்குப் போய்க் கண்ணாடிக்கெண்டைக் குஞ்சு வாங்கினேன். குளிரைத் தாங்கும், எங்கே விட்டாலும் பெருகும். இறாலுக்குக் கற்ற வித்தையெல்லாம் காட்டினேன். பாலித்தீன் பையில் பாதித் தண்ணீர், பாதி ஆக்ஸிஜன், நெல் உமிக்குள் வைத்து ஜீப்பில் ஏற்றி, பிறகு முதுகில் தூக்கி, வழியில் ஒரு குஞ்சு சாகாமல் கொண்டுவந்தேன். ஏரியில் பைகளை மிதக்கவிட்டு, உள்தண்ணீரும் வெளித்தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை முழங்கால் தண்ணீரில் நின்றேன். பையைப் பிரிக்கும்போது என் கை பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதமாக இருந்திருக்கும். எந்த மீனும் ஏற முடியாத அருவியைத் தாண்டி மீனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன் நான்.

தீதி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இது அதுகளைத் தின்னாதா என்று கேட்டார்.

சின்ன மீன்தானே, ஒத்துவராவிட்டால் இரண்டு வருஷத்தில் பிடித்து எடுத்துவிடலாம் என்றேன். எப்படி எடுப்பாய் என்றார். எங்கள் ஊர்க் குளத்தில் வந்து பாருங்கள், சித்திரையில் ஒரு மீன் மிஞ்சாது என்று சொல்லிச் சிரித்தேன்.

"இந்த ஏரி வற்றாதே" என்றார் அவர்.

வற்றாது. அது எனக்கும் தெரியும். கயிறு போட்டு அளந்தவனே நான்தான். முப்பத்தெட்டு பாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே என் புத்தி மாதா கோவில் குளத்தில் நின்றுகொண்டிருந்தது.

முதல் மழைக்காலத்தில் வித்தியாசம் அதிகம் தெரியவில்லை. இரண்டாவது மழையில் ஓரத்துத் தண்ணீர் எங்கள் ஊர்த் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. கெண்டைக்குச் சேற்றைக் கிளறித் தின்றுதான் பழக்கம். பாசிச்செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தது. தண்டில் ஒட்டிய முட்டை அதற்குப் பொரிகடலை. சாலமாண்டர்கள் வழக்கம்போல இறங்கி வந்தன. அவற்றுக்கு என்ன தெரியும்? வயிறு நிறைய முட்டையோடு செடி இருந்த இடத்தில் சுற்றிச் சுற்றி நீந்தி, கடைசியில் வெறும் கல்லில் முட்டையை ஒட்டிவிட்டுப் போயின. மறுநாள் கல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. செவுள் நீட்டிய குஞ்சு ஒன்றைத் தேடி மழைக்காலம் முழுவதும் கரையைச் சுற்றினேன். ஒன்றுகூட இல்லை. பெரியவை பல வருஷம் வாழும், அதனால் மூன்றாவது மழைக்கும் வந்தன. அதே இடம், அதே கல். கரையில் உட்கார்ந்து நான் கெட்ட வார்த்தையில் கத்தியிருக்கிறேன். யாரைத் திட்டினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மேனேஜரை, கம்பெனியை, கெண்டையை, என்னைப் படிக்கவைத்த காலேஜை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். லகூனில் போடுகிற செவுள்வலை ஒன்று வாங்கிப் பார்சலில் அனுப்பச் சொல்லி அக்காவுக்கு எழுதினேன். அக்கா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, அனுப்பிவைத்தாள். வலையைப் பிரித்ததும் எங்கள் ஊர் உப்புச்சேற்று வாடை அடித்தது. விருந்தாளிகள் இல்லாத பனிக்காலம் முழுவதும் தினமும் வலை கட்டினேன். எங்கள் வலை தரையில் நின்று மீனை மறிக்கிற வலை. இங்கே தரை எங்கே இருக்கிறது? கரையோரம் நாலு முழம் மறித்தால் மீன் அடியில் இறங்கிப் போய்விடும். ஒரு பனிக்காலத்துக்கு என் கையில் வந்தது நாலைந்து கூடை கெண்டை. அடுத்த கோடையில் அதைப்போலப் பல மடங்கு குஞ்சு ஓரத்தில் மொய்த்தது.

அடுத்த பனிக்காலமும் விடாமல் கட்டினேன், பங்குனியில் ஒரு காலை வலையை இழுத்தபோது கனமாக வந்தது. பெரிய மீன் என்று நினைத்தேன். ஆண் ஊசிவால் வாத்து. தலைகீழாகக் கவிழ்ந்து மேய்கிறபோது கழுத்து கண்ணியில் மாட்டி, மூழ்கிச் செத்திருந்தது. முத்துப்பேட்டையில் எத்தனை வலையைத் தாண்டி வந்ததோ, இங்கே வந்து முத்துப்பேட்டை வலையில் செத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். நான் அழவில்லை. வலையைக் கத்தியால் கண்டதுண்டமாக வெட்டினேன். கை வலிக்கிற வரை வெட்டினேன்.

பிடித்த மீனை நான் காட்டில் புதைப்பது மேனேஜருக்குத் தெரிந்துபோனது. மீன் பிடிப்பது விருந்தாளிகளுக்கு, உனக்கு இல்லை என்றார். நான் என்னென்னவோ கத்தினேன். மறுநாள் பெட்டியைக் கட்டினேன். தீதி வழிக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தார். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் ஊர் திரும்பியபோது அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. செய்தி மலைக்கு வந்து சேர்ந்தபோதே அடக்கம் முடிந்திருந்தது. ஊரில் யாரிடமாவது ஏரிக்கதையைச் சொன்னால், "மீனு என்ன சைஸ் இருந்துச்சு?" என்று கேட்பார்கள். ஒருவர், படித்தவர், ஒரு கெண்டை எத்தனை கிலோ வரும் என்று கேட்டார். டீக்கடை பெஞ்சில் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பிறகு யாரிடமும் சொல்வதில்லை.

சில வருஷம் கழித்துப் புது வகை இறால் வந்தது, பழைய குளங்களை மறுபடி தூர்வாரினார்கள். எங்கள் நிலத்தில் வாய்க்காலை ஒட்டிய ஒரு துண்டு மட்டும்தான் நெல் விளைகிற மண்ணாக மிஞ்சியிருந்தது. அதில் அக்கா பயிர் செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் என்னை வரச்சொன்னாள். போனபோது பின்கட்டில் அரிவாள்மனை போட்டு விரால் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒரு ஆளு வந்தான் தம்பி. அந்தத் துண்ட ரெண்டு வருஷம் எறாலுக்கு வுடச் சொல்லிக் கேக்குறான். அப்பறம் நீங்களே நடவு நட்டுக்கலாம், ரெண்டு மழ பேஞ்சா கழுவிட்டுப் போயிடும்ங்குறான். நீதான் இதெல்லாம் படிச்சவன். சொல்லு."

"கழுவாதுக்கா!" என்று கத்தினேன். வாசலில் போனவர்கள் நின்று பார்த்திருப்பார்கள். அவன் யார், எங்கே இருக்கிறான், கூட்டிக்கொண்டு வா, உரித்துவிடுகிறேன் என்றேன். அதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஏரியை அப்படியே அவள் முன்னால் கொட்டினேன். முப்பத்தெட்டு பாகம், கெண்டை, வெறும் கல்லில் வந்து முட்டையிட்ட கிழடுகள், நீ அனுப்பிய வலை, அதில் செத்த வாத்து. சில தண்ணியில போட்டது போட்டதுதான்க்கா, திரும்ப எடுக்க முடியாது, உப்பும் அப்படித்தான் என்றேன். மூச்சு வாங்கியது.

அக்கா கை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குடுக்க மாட்டேன்னு நேத்தே அவன்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். "நீ என்ன சொல்லுவேன்னு கேக்கத்தான் கூப்புட்டேன்."

எதற்கு என்று கேட்டேன்.

"அன்னிக்கி பண்ண கேட்டுல அப்பா நின்னாங்கல்ல, நான் கொஞ்சம் தள்ளி வரப்புல சாப்பாட்டுக் கூடையோட நின்னேன். நீ என்னப் பாக்கல. ரெண்டு மழ பேஞ்சா கழுவிட்டுப் போயிடும்னு சொன்ன. அந்த ஆளும் அதையே சொல்றான். வார்த்தகூட மாறல."

அரிவாள்மனைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டேன். "அப்பா அப்ப என்ன சொன்னாங்கக்கா?"

"என்ன சொல்லுவாங்க? படிச்ச புள்ள சொல்றான், கழுவிட்டுப் போயிடும்டி, பாத்துக்கலாம்னாங்க. நீ வடக்க போன பொறவும் அந்த வெள்ள மண்ணுலயே மூணு வருஷம் வெத வுட்டாங்க. ஒவ்வொரு மழைக்கும்."

அக்கா மீனை அலச எழுந்து போனாள்.